வாப்பாவுக்கு வராத "வேணாம்"

கடைசி ஆண்டுப் படிப்புக்காக நான் எடுத்த குறும்படத்தில், வாப்பாதான் வாப்பாவாக நடித்தார். வேறு யாரைப் பிடிப்பது? அக்குறணையில் எங்கள் பாத்திரக் கடையிலேயே எடுத்தோம். கதை சின்னது. கொழும்பில் வேலை கிடைத்த மகள் வந்து சொல்கிறாள். வாப்பா "போக வேணாம்" என்கிறார். மகளாக என் தோழி நடித்தாள். கதை எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பாஸானதும் வரச்சொல்லி, கொழும்பில் எனக்கே ஒரு வேலை காத்திருந்தது. வீட்டில் வாய் திறக்கப் பயம்.

கண்டியில் எங்கள் விரிவுரையாளர் படத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனுசி, ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாது.

"இவர் மகளை மறிக்கிறாரோ, சட்டி விக்கிறாரோ? அந்தக் காட்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாரும். இல்லாட்டிப் பாஸ் இல்லை."

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. "போக வேணாம்" என்னும்போதும் வாப்பாவின் முகத்தில் வாடிக்கையாளரைக் கண்ட அதே சிரிப்பு.

அதற்குள் வாப்பா மக்காவுக்கு உம்ராப் பயணம் போய் மொட்டைத் தலையோடு வந்துவிட்டார். முந்தின காட்சியிலோ தலை நிறைய முடி! நான் இடிந்துபோய் உட்கார்ந்தேன்.

"என்னத்துக்கு மகள் இப்பிடி? அசர் தொழுதுட்டு வந்தா தொப்பி போட்டுத்தானே ஈப்பேன்," என்றார்.

அல்லாஹ்வே, எனக்கு இது தோன்றவில்லையே! பள்ளிவாசலிலிருந்து அவர் தொப்பியோடு கடைக்குள் வருவதையும் சேர்த்து எடுத்தோம்.

"வேணாம்" மட்டும் வரவே இல்லை. ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை கெமராவைப் பார்த்தார். இன்னொரு தடவை ஒரு பொம்பளை வந்து இடியப்ப உரல் கேட்க, நடிப்பை அப்படியே விட்டுவிட்டு விலை பேசப் போய்விட்டார்.

"கொஞ்சம் கோவப்படுங்களேன் வாப்பா!" என்று கத்தினேன்.

"புள்ளையப் பாத்தா கோவம் வருதில்லியே."

அடுத்த தடவை, கெமராவை ஒட்டி நின்ற தோழி வசனத்தை மறந்து விழித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே சொன்னேன்: "வாப்பா, எனக்குக் கொழும்புல வேல கெடச்சீக்கி. நான் போகப் போறேன்."

அவளுக்கு எடுத்துக்கொடுக்கத்தான் சொன்னேன். ஆனால் என் குரல் நடுங்கிவிட்டது. வாப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"போக வேணாம், மகள்," என்றார் மெதுவாக.

அதுதான் நான் பாஸான காட்சி. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. "கட்" என்றேன். தோழி கை தட்டினாள். வாப்பா தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சரியா?"

"சரி வாப்பா."

தோழி தேத்தண்ணி வாங்க வெளியே போகும்வரை அவர் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"படத்துக்குத்தான் வேணாம் எண்டு சென்ன," என்றார். "மெய்யா எப்ப போற?"