எப்போது போய்ச் சேரும் என்று கேட்கக் கூடாது

நான் வேலைக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில் ஒரு மின்பலகை இருக்கிறது. அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அதில் எண் ஓடிக்கொண்டிருக்கும். நிற்கிறவர்கள் யாரும் சாலையைப் பார்க்க மாட்டார்கள், பலகையைத்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்துக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன, அந்தப் பலகை மட்டும் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. அது பொய் சொல்கிறது என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் சொன்னபடி பஸ் வந்துவிடும். வருவதற்கு முன்னாலேயே வரும் என்று இப்படி அடித்துச் சொல்கிறார்களே என்றுதான் ஒரு சங்கடம். போடிக்காரி, அதிலும் ஜீப்பு டிரைவரின் மனைவி, வேறு எப்படி இருப்பாள்?

என் கணவர் செல்வம், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஓட்டுகிறார். காலையில் போடியிலிருந்து ஏறினால் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு, அங்கிருந்து தோட்டம். சாயங்காலம் அதே பெண்களை ஏற்றிக்கொண்டு இறக்கம். அந்த வண்டியில் யாரும் எழுதி வைக்காத ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏறி உட்கார்ந்த பிறகு, எப்போது போய்ச் சேருவோம் என்று கேட்கக் கூடாது. வேலைக்குப் புதிதாக வருகிற பெண் யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவள் தொடையில் கிள்ளுவாள். அவர் திரும்பாமலே "பாப்போம்" என்பார். அவரோடு வண்டி ஓட்டிய ஒருவர், இன்னும் கொஞ்ச நேரத்தில் சாப்பிட வந்துவிடுகிறேன், தோசை ஊற்று என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு மலை இறங்கினார். வரவில்லை. அதற்குப் பிறகு என் கணவர் நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. கல்யாணப் பேச்சு முடிந்த அன்று, முகூர்த்தம் எப்போது என்று கேட்டவர்களிடமும் "பாப்போம்" என்றுதான் சொன்னாராம். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை போல என்று என் சித்தி இரண்டு நாள் தூங்கவில்லை.

நான் நர்ஸ் வேலை கிடைத்து மகள் கயலோடு இங்கே வந்தபோது அவர் வர முடியவில்லை. மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். மாமனார் போன வருடம் காலமான பிறகு, இனிமேல் வந்துவிடுங்கள் என்றேன். விசாவுக்கு முன்னால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட ஒரு தேர்வு. எழுதவோ படிக்கவோ வேண்டாம், எதிரில் உட்காருகிறவரோடு கொஞ்ச நேரம் பேசினால் போதும். கேரளா நம்பர் வண்டிகளோடும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களோடும் மலையில் மல்லுக்கட்டிய மனிதருக்கு இது ஒரு விஷயமா என்று நினைத்தேன். சென்னைக்குப் போனார், தோற்றுப்போய் வந்தார்.

என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். பெயர், ஊர், தொழில் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு "வீ வில் சீ". லண்டனில் எங்கே போகப் போகிறீர்கள் என்றதற்கு "வீ வில் சீ". மனைவியோடு எங்கே வசிக்கப் போகிறீர்கள் என்றதற்கும் அதே. கேட்ட அம்மாள், இவருக்கு இதைத் தவிர வேறு ஆங்கிலம் தெரியாது என்று முடிவு கட்டியிருப்பாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஊரில் பெயர் சொன்னவுடன் அடுத்த கேள்வியே விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்பதுதான். ஆறு மாதம் கழித்துச் சாப்பிடப் போகிற சாப்பாட்டுக்கு இன்றைக்கே மேஜை பிடித்து வைக்கிற ஜனங்கள்.

மறுபடியும் தேதி வாங்கினோம். என் மதிய இடைவேளையில், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் அடுக்கிய அறைக்குள் நின்றுகொண்டு போன் போடுவேன். அங்கே அப்போது சாயங்காலம்; அவர் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டில் டீக்கு நிறுத்தியிருப்பார். தொழிலைப் பற்றிக் கேட்டால் பொரிந்து தள்ளுவார். மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி எப்படி வழிவிட வேண்டும், மேகம் இறங்கினால் எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எல்லாம் தப்பும் தவறுமாக, ஆனால் புரிகிற ஆங்கிலத்தில். "வேர் வில் யூ லிவ் நெக்ஸ்ட் இயர்?" என்று கேட்டேனோ இல்லையோ, போன் செத்ததுபோல் ஆகிவிடும்.

"மாமா, இங்கிலாந்துல இருப்பேன்னு சொல்லுங்க. ஒரு வரிதானே."

"வண்டியில ஆளுக இருக்கு புள்ள. பெறகு பேசுறேன்."

அந்த வாரம்தான் கயல், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தட்டைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் கேட்டாள்: அப்பாவுக்கு இங்கே வர இஷ்டம் இல்லையா? ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். அவர் ஒரு தடவைகூட வருகிறேன் என்று சொன்னதில்லையே என்றாள். மலையின் வழக்கத்தை அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் நம்பிக்கை ஆட்டம் கண்டது. வர விருப்பமில்லாத மனிதருக்கு அந்த வழக்கம் எவ்வளவு வசதி!

தேர்வுக்கு முந்தின வாரம் போனில் வெடித்துவிட்டேன். "வர இஷ்டமில்லேன்னா சொல்லிருங்க மாமா. பிள்ள கேக்குறா. நான் அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல, டீ கிளாஸ் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. பேச்சு நின்றது. சிலமலை ஊர்க்காரி பேச்சியம்மாவின் குரல் வந்தது. தோட்டத்துப் பெண்களில் மூத்தவள், அந்த வண்டியில் முன்சீட்டு அவளுடையது.

"ஏ அப்பு, என்னத்தக் கேக்குது அந்தப் பிள்ள? சொல்லேன்."

"சொல்லப்படாது ஆத்தா. இன்னும் எறங்கணும்ல."

"வண்டிய அமத்திட்டுச் சொல்லு. சாவிய எங்கிட்ட கொண்டா."

இஞ்சின் அடங்கியது. பிறகு அவள் மற்றவர்களிடம், "ஏய், எல்லாரும் கீழ எறங்குங்க. அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க, காதப் பொத்திக்கங்க" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் அதட்டினாள். "சிரிக்காதடி. நம்ம காதுல விழுகலேன்னா அவன் சொல்லவே இல்லேன்னு ஆயிரும். வெரசா சொல்லுப்பா, இருட்டுது."

அப்புறம் அவர், ஒவ்வொரு சொல்லாக, வளைவில் வண்டியைத் திருப்புகிற நிதானத்தோடு சொன்னார்: "நெக்ஸ்ட் இயர், ஐ வில் லிவ் இன் இங்கிலாண்ட். வித் மை வைஃப். வித் மை டாட்டர்." விரிப்புகளின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு நான் அழுதேன். என்மேல் இவருக்கு ஆசை உண்டா என்று சந்தேகப்பட்டதற்கு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. அன்று அவர்கள் வீடு போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பாட்டிக்கு இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தேர்வு முடிந்து ரிசல்ட் வந்த அன்று, வேலை முடிந்து அதே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் மார்கரெட்டும் நின்றாள். போன் அடித்தது.

"பாஸ் புள்ள" என்றார். மூச்சு வாங்கியது. மேலே எதுவும் சொல்வதற்குள், யாரும் கேட்காமலே, ஒரு தடங்கலும் இல்லாமல், புதிதாகச் சைக்கிள் விடக் கற்றவர்போல ஆங்கிலத்தில் தொடர்ந்தார். "நெக்ஸ்ட் மன்த் ஐ வில் கம். ஐ வில் ஸீ மை டாட்டர். ஐ வில் டேக் ஹெர் டு ஸ்கூல்."

எத்தனை மாதம் நான் கெஞ்சிக் கேட்ட வார்த்தைகள். என் கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

"சும்மா இருங்க மாமா" என்றேன். "விசா கையில வரட்டும். அதுக்குள்ள இப்படியெல்லாம் சொல்லாதீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்ததும் மார்கரெட் நல்ல செய்தியா என்றாள். அவர் தேர்வில் ஜெயித்துவிட்டார் என்றேன். அப்படியானால் எப்போது வருகிறார் என்று கேட்டாள்.

"வீ வில் சீ" என்றேன்.

அவள் முகம் மாறியது. எங்களுக்குள் ஏதோ சரியில்லை என்று எண்ணிக்கொண்டு என் தோளை மெல்லத் தட்டிக் கொடுத்தாள், பிறகு நாகரிகமாகத் தலையைத் திருப்பி எல்லோரையும் போல மின்பலகையைப் பார்த்தாள். மூன்று நிமிடம் என்றது பலகை. நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பஸ் வர வேண்டிய வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.