பிள்ளைப்பாக்கத்து மாடும் கலா அக்காவும்

“தொண்டையில ஒண்ணும் இல்லன்னா வெறிநோயா இருக்கும்க்கா. வாங்க, ஊசி போட்டுகினு வந்துரலாம்.” அன்று நான் கலா அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. போன மாசம் கிளினிக்கில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா போனில், “கலா நம்மள வுட்டுப் பூட்டாடி” என்றார். நாயைக் கொண்டுவந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். நான் நாயை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஒரகடம் சாலையில் எங்கள் கிளினிக்குக்கு வந்த நீங்கள் எல்லோரும் கலா அக்காவை அறிவீர்கள். டாக்டரின் பெயர் தெரியாதவர்கள்கூட “கலா உள்ள கீதா?” என்றுதான் உள்ளே வருவீர்கள். செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனில் ஐந்து வருடம் நின்றுவிட்டு, இருபத்தேழு வயதில் கால்நடை உதவியாளர் படிப்பில் சேர்ந்தவர். சொந்தக்காரர்கள் அவரை ‘மாட்டு நர்ஸ்’ என்று கேலி செய்தார்கள். “மாட்டு நர்ஸுதான். லைன்ல நான் யாருன்னு சூப்பர்வைசருக்கே தெரியாது. இங்க மாடு என்னைப் பார்த்தாலே ஓடுது” என்பார்.

எங்கள் வேலையில் மேலே போக வழி குறைவு. அரசு வேலைக்கு எப்போதாவதுதான் அழைப்பு வரும். தனியார் கிளினிக்கில் பத்து வருடம் ஆனாலும் அதே மேசை, அதே கத்தரிக்கோல். “நம்ம ப்ரொமோஷன் இன்னா தெரியுமா? நாய்ல இருந்து மாடு, மாட்டுல இருந்து குதிரை” என்று சிரிப்பார். அதனால் சென்னையில் ஒரு பெரிய விலங்கு மருத்துவமனை சீனியர் வேலைக்கு நேர்காணலுக்கு அழைத்தபோது, அவர் புதுச் சுடிதார் எடுத்தார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு என்று என்னிடம் மூன்று முறை சொன்னார்.

நேர்காணலுக்கு முந்தைய நாள்தான் பிள்ளைப்பாக்கத்தில் முனுசாமி என்பவரின் மாட்டைப் பார்க்கப் போனோம். இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. வாயில் எச்சில் கயிறாக ஒழுகியது. குரல் கம்மியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாடு இப்படி நின்றால், பிளாஸ்டிக் பை சிக்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கம்பெனிகளுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் மனைகளில் மாடுகள் மேய்வது, மீந்த சோறு கட்டி எறிந்த பைகளைத்தான். டாக்டரும் போனில் அதையே சொன்னார்.

கையுறை போட்டால் பிடி தெரியாது என்று அக்கா அதைக் கழற்றினார். நான் தாடையைப் பிடித்துக்கொண்டேன். முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

“ஒண்ணும் இல்லடி. வயித்துக்குப் போய்ட்டிருக்கும்.”

வெளியே எடுத்த கையில், விரல் முட்டிகளைக் கடைவாய்ப்பல் கீறியிருந்தது. பக்கெட் தண்ணீரில் அலம்பிக்கொண்டார். பாடப்புத்தகத்தில் வெறிநோய் பற்றிப் படித்த ஒரு பக்கம் எனக்கு நினைவு வந்தது. உறுதியாகத் தெரியாமல் சொல்லி அவருடைய நேர்காணலைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

ஆனால் அன்று மாலை நான் மட்டும் அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். “கூட யாராச்சும் தொட்டாங்களா? கூட்டிகினு வா” என்றார் நர்ஸ். சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் மாடு செத்தது. பக்கத்து மனையில் வேலை செய்த ஜேசிபி குழி தோண்டிக் கொடுத்தது. யாரும் பரிசோதனைக்கு எதுவும் அனுப்பவில்லை. அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. இனி சொல்வதென்றால், நான் மட்டும் ஊசி போட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அது முந்தைய நாளைவிடக் கடினமாயிற்று. என் கடைசி ஊசியும் முடிந்தது.

மாடு செத்து ஏழு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். “கை மரத்துப்போற மாதிரி கீதுடி. பூனையைப் பிடிச்சுப் பிடிச்சு நரம்பு இழுத்துகிச்சு போல.”

“தண்ணி குடிக்க முடியுதாக்கா?”

“இன்னாடி, மாட்டுக்குக் கேக்கற மாதிரி கேக்கற? நேத்துல இருந்து கொஞ்சம் தொண்டையை அடைக்குது.”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. பிறகு அவர் கேட்டார்.

“நீ போட்டுகினியா?”

“ம்.”

“நல்லவேள.”

அவ்வளவுதான் சொன்னார். அன்றே மருத்துவமனையில் சேர்ந்தார். அறிகுறி வந்தபின் செய்ய ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். இந்த நோயைப் பற்றி நாய் வளர்ப்பவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியவர் அவர். ஆனால், தினமும் நாய்க்குத் தடுப்பூசி போட்ட எங்கள் இருவரையும், நீங்கள் முன்கூட்டியே போட்டுக்கொண்டீர்களா என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை. நாங்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அவரை அறிந்த நீங்கள் அவருடைய சிரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அந்த ‘நல்லவேள’ மட்டும்தான். அதில் கோபம் இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். இல்லை.

சுகாதாரத் துறையினர் வந்து முனுசாமி வீட்டில் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் நான் அக்காவின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.