ஐஸ் கம்பெனியில் கேட்ட குரல்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்த மகள் வேளாண்மைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்குப் பெரம்பலூர் வந்தவள், பனி கொட்டும் தேசமொன்றில் அரை வருடம் படிக்கத் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றாள். அங்கேயிருந்து ஒரு பெண் இவள் கல்லூரிக்கு வருவாள். பதிலுக்கு இவள் அங்கே போவாள்.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குறாங்களா?" என்றாள் என் மனைவி.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "மார்கழி வந்தா ராவெல்லாம் இளைச்சுகிட்டுக் கெடக்குற புள்ள. அந்தக் குளுருல மூச்சு நின்னுச்சுன்னா யாரு பாக்குறது? நான் அனுப்ப மாட்டேன்."

அவள் சம்மதம் இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. கம்பளிச் சட்டைகூடத் திருச்சியில் தேடிப் பிடித்தோம். புதுப்பெட்டி மட்டும் வாயைத் திறந்தபடி கூடத்தில் காலியாகக் கிடந்தது. ஒரு துணியையும் அவள் உள்ளே வைக்கவிடவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். இளைப்புக்காரியைக் குளிர் என்ன செய்யும் என்று எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது. செட்டிகுளத்து மலையேறி முருகனிடம் முறையிட்டுவிட்டு இறங்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. அரியலூர் ரயிலடிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அங்கே ஐஸ் அடுக்கும் அறையில் மகளைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்ப்பது. இளைக்காவிட்டால் போகட்டும், இளைத்தால் விட்டுவிடலாம். மனைவியும் இதற்கு ஒப்புக்கொண்டாள்.

நல்ல வெயில் நேரத்தில் நானும் மகளும் பஸ்ஸில் போய் இறங்கினோம். கம்பெனி வாசலில், ஐஸ் உருகாமல் மூடுகிற உமி குவிந்து கிடந்தது. அங்கே நின்ற ஆள் எங்களைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எந்த ஊருங்கய்யா? எப்ப எடுக்குறாங்க?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஆம்பளையா, பொம்பளையா? ஆளு ஒசரத்தச் சொன்னீங்கன்னா எத்தன கட்டி வேணும்னு சொல்லிருவேன்."

அப்போதுதான் உறைத்தது. கிராமத்துக்காரர்கள் அங்கே வேறு எதற்கு வருவார்கள்? வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை பிணத்தைக் கிடத்தி வைக்க ஐஸ் வாங்கத்தான். "சாவு இல்லப்பா" என்று பதறிச் சொல்லி, மகளைக் காட்டி விஷயத்தை விளக்கினேன். அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தார். தொழில் பழக்கம்தான். இருந்தாலும் நான் மகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"உள்ள யாரும் இல்ல, தைரியமாப் போ தாயி. முடியலன்னா கதவத் தட்டு."

கனமான மரக்கதவு. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளையாய்ப் புகை கிளம்பி என் காலைச் சுற்றியது. அடுக்கிய கட்டிகளுக்கு நடுவே அவள் முகம் நிறமில்லாமல் தெரிந்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது.

மடியில் முடிந்திருந்த திருநீற்றைப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று மனதுக்குள் சொல்லியபடி நின்றேன். வாயைத் திறக்கவே இல்லை. அந்த ஆளும் பக்கத்திலேயே பேசாமல் நின்றார். மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அவள் தட்டவும் இல்லை, இருமவும் இல்லை. பொறுக்க முடியாமல் கதவைத் திறக்கச் சொன்னேன்.

எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்தபடி நின்றிருந்தாள். தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். மூச்சு சீராக இருந்தது.

"அங்க என்னம்மா பாக்குற?"

"நீங்க அந்தப் பக்கமா வந்தீங்களாப்பா? இன்னொரு கதவு இருக்கா?"

"நான் எங்கயும் போவலியே."

"எம்பேரச் சொல்லிக் கூப்புட்டீங்களே. அந்தக் கட்டிங்களுக்குப் பின்னாலேருந்து. உங்க குரல்தான்."

"ஒரே கதவுதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த ஆள் எங்களுக்கு முன்னால் வெளியே போய்விட்டார். டீ சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

இதை வீட்டில் சொல்லாதே என்று பஸ்ஸில் வரும்போது சொல்ல நினைத்தேன், மனசு வரவில்லை. வாசலில் கால் வைத்ததுமே அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இனி பயணம் ஏது என்று நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

மனைவி இளைப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எத்தன தரம் கூப்புட்டுச்சு?" என்றாள்.

"ரெண்டு தரம்."

"நீ ஏன்னு கேட்டியா?"

"கேக்கலம்மா. மூணாந்தரம் கூப்புட்டாத்தான் ஏன்னு கேக்கணும்னு நீதான சொல்லியிருக்க? நின்னு பாத்தேன். மூணாந்தரம் வரவே இல்ல."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஆள் தெரியாமல் பேர் மட்டும் காதில் விழுந்தால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், கூப்பிட்டது எதுவோ அது அழைத்துக்கொண்டு போய்விடும். மனிதர்கள்தான் மூன்றாம் தரமும் கூப்பிடுவார்கள்.

"அப்பா குரலாவே இருந்துச்சுங்கிற. அப்பயும் கேக்கலியா?"

"கேக்கல."

மனைவி கொடியில் கிடந்த துணிகளை எடுத்து, மடித்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். "அங்கயும் அப்புடியே இரு. யாரு குரல்ல கூப்புட்டாலும்."

மெட்ராஸ் வரை என் மச்சான் துணைக்குப் போனார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மனைவி ஜன்னல் வழியாகக் கையை விட்டு மகளுக்குத் திருநீறு பூசினாள். பஸ் நகர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வழியனுப்பினார்கள். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேர் என் தொண்டைவரை வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன்.