சம்பந்தியும் பங்குச் சந்தையும்

தினமும் காலையில் என் சம்பந்தி பெரியகுளத்து மொட்டைமாடியில் நின்று மலையைப் படமெடுத்து எங்கள் இணையக் குழுவில் போடுவார். மேகம் மூடி ஒன்றுமே தெரியாத நாளிலும் போடுவார். 'மலை மேகத்துக்குள்ளதான் இருக்கு, நம்புங்க' என்று கீழே ஒரு வரி இருக்கும்.

தேனிப் பக்கத்து ஆட்கள் எங்கெங்கோ இருந்து பேசிக்கொள்ள, உலகமே புழங்கும் ஒரு தளத்தில் நான் தொடங்கிய குழு அது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அது பொழுதுபோக்கு. மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்த அவருக்கு, மனைவி போனபின் அதுதான் பேச்சுத்துணை. என் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் வீட்டில் அவர் தனியாள். இது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரப்போகிறது என்ற செய்தி எனக்குக் கோபமூட்டியது. சம்பளமில்லாமல் நாங்கள் எழுதியதைக் காட்டி யாரோ மூலதனம் திரட்டுவதா? ஒருவரையும் கேட்காமல் குழுவை மூடினேன். அதைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டேன். பங்குகள் விற்பனைக்கு வந்தன. நான் மூடியது அங்கே எவர் காதிலும் விழவில்லை.

சம்பந்தி கேட்பார், விளக்கலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. பெண் கொடுத்தவன் நான். அவர் எடுக்காத பேச்சை நானாக எடுப்பது மரியாதையில்லை என்று தள்ளிப்போட்டேன். பொங்கல் சீர் கொண்டுபோனபோதும் மாம்பூவைப் பற்றித்தான் பேசினோம்.

கடைசியில் மகள்தான் போனில் உடைத்தாள். "அப்பா, மாமா, அவுகள மட்டும் நீங்க குழுவுலருந்து வெளிய தள்ளிட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காக. சரியாச் சாப்பிடுறதுகூட இல்ல."

அன்றே பஸ் ஏறினேன். "எல்லாருக்கும்தான் மூடினேன் சம்பந்தி. அவசரப்பட்டுட்டேன்" என்றேன். அவர் சிரித்தார்.

"எல்லாருக்குமா! அடப் போங்க சம்பந்தி. 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வந்ததும், என்னத்தத் தப்பா எழுதித் தொலைச்சோம்னு மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"கேட்டிருக்கலாமே?"

"மாப்பிள்ள வீட்டுக்காரன் நான் கேட்டா அது சண்டையாயிரும். உங்க மக மனசு என்னாகும்? கம்பெனிய எவனும் வாங்கிட்டுப் போகட்டும். மலை தெரியுதுன்னு நான் யாருட்டச் சொல்ல?"

அவர் முன்னாலேயே குழுவைத் திறந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக் காப்பி எனக்கு ருசித்தது.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எட்டிப்பார்த்து, ஏன் மூடினீர்கள் என்று கேட்டார்கள். நான் மன்னிப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் சம்பந்தி எழுதிவிட்டார்: 'நம்ம சார் சாவிய எங்கனயோ வச்சுட்டு மறந்துட்டாக. வயசாச்சுல்ல, விடுங்கப்பா.'

நான் தட்டிய மன்னிப்பை அழிக்காமல் அதற்குக் கீழே அனுப்பினேன்.