மாடியக்கா கீழே இறங்கியது

எங்கள் கட்டடத்தில் நான்கு கடைகள். முதல் கடை என்னுடைய மூக்குக் கண்ணாடிக் கடை. அடுத்து டெய்லர், அதற்கடுத்து ஜெராக்ஸ் கடைத் தங்கச்சி, கடைசியில் பல் டாக்டர். மொட்டை மாடியில் ஒரே ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை. அங்கே இருப்பவர்தான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். எங்களுக்கு மாடியக்கா.

சொந்தக்காரர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கடைக்குள் வருவதென்றால் வாசலில் நின்று, "உள்ள வரலாமா தம்பி?" என்று கேட்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். அடுத்தவர் பேச்சில் குறுக்கே நுழையக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறியிருந்தது. மெக்கானிக்காக இருந்த கணவர் தன் ஷெட்டை இடித்துவிட்டு இந்தக் கடைகளைக் கட்டினார். சொந்த வீடு கட்டும்வரைக்கும் இருக்கட்டும் என்று மேலே ஓர் அறையை எழுப்பினார். வீடு கட்டுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அந்த அறையிலேயே அக்காவுக்குத் தலை நரைத்தது.

கூரை ஒழுக ஆரம்பித்தபோது நாங்கள் செய்த முட்டாள்தனத்தை வேறு எந்தக் கட்டடத்திலும் செய்திருக்க மாட்டார்கள். அக்காவிடம் யாருமே சொல்லவில்லை. மாடிப்படியில் ஒரு கல் பெயர்ந்ததற்கே, தானே பெயர்த்துப் போட்டதுபோல எங்களிடம் மாதக்கணக்கில் வருத்தப்பட்டவர். எதற்கு வம்பு என்று நானே கடைக்குள் ஏணி போட்டு ஏறி, சிமெண்டைக் குழைத்து விரிசலை அடைத்தேன். தண்ணீர் டெய்லர் பக்கம் போயிற்று. அவரும் கமுக்கமாக அடைத்தார். அது ஜெராக்ஸ் மெஷின் மேல் சொட்டியது. தங்கச்சியும் மூச்சு விடாமல் அடைத்தாள். கடைசியில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த ஒருவர் வாய்க்குள் நேராக விழுந்தது. அவர் மருந்து என்று நினைத்து விழுங்கிவிட்டு, "கசக்கவே இல்லையே டாக்டர்" என்றாராம்.

அதற்கு மேல் எங்கே மறைப்பது? அக்கா இறங்கி வந்து நான்கு கடைக் கூரையையும் அண்ணாந்து பார்த்தார். "என்கிட்ட சொன்னா என்ன? கடிச்சுத் தின்னுடுவேனா?" என்றார். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

மறுநாளே ஓர் இஞ்சினியரை அழைத்து வந்தார். அவர் நீலப் பொடி கரைத்த தண்ணீரைக் குளியலறையில் ஊற்றச் சொல்லிவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நான் அடைத்த இடத்தின் ஓரத்திலேயே நீலம் கசிந்தது. என் சிமெண்டு வேலையின் லட்சணம் அவ்வளவுதான்.

"மேலாப்ல பூசி விட்டா ரெண்டு மழை தாங்கும்மா. ஆனா உள்ள கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. ஒழுங்கா செய்யணும்னா ரூம், பாத்ரூம் ரெண்டையும் எடுத்துட்டு, தளத்தைக் கொத்தி, தண்ணி ஓட வாட்டம் குடுத்துப் புதுசா போடணும். மறுபடி மேல எதுவும் கட்டக் கூடாது, பாரம் தாங்காது" என்றார்.

"இடிச்சுடுங்க. கீழ நாலு பேரு பொழைக்கிறாங்க. நான் தம்பி வீட்டுக்குப் போயிடுறேன்" என்றார் அக்கா, ராங் நம்பர் என்று சொல்வதைப் போல.

அக்காவின் கூடப்பிறந்த தம்பி வெளியூரில் இருந்தார். தங்கமான மனிதர்தான், கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஒருமுறை ஒரு மாதம் தங்கப் போன அக்கா ஒரே வாரத்தில் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சாப்பிட உக்காரும்போது எனக்கு எந்த நாற்காலின்னு தெரியல தம்பி. எல்லாரும் உக்காந்தப்புறம் மிச்சம் இருக்கறதுல உக்காருவேன்" என்றார். மிச்ச நாற்காலியிலேயே இனிக் காலம் முழுக்க என்று நினைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

மதிய இடைவேளையில் பல் டாக்டர் அறையில் கூடினோம். டெய்லர் நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டு, "ஒழுகினா ஒழுகட்டும், குடை பிடிச்சுக்கிட்டுத் தைக்கிறேன்" என்றார். இப்போதைக்குப் பூசி வைப்போம், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். "கூரை விழுந்தா அதோட சேந்து அக்காவும்தானே விழுவாங்க?" என்றாள் தங்கச்சி. டெய்லர் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும். என் கடைக்குப் பின்னால் ஓர் அறை, லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்காக ஒதுக்கியது. தேய்ப்பதற்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் அங்கே குழாய், சாக்கடை எல்லாம் உண்டு. லென்ஸ் வெளியிலிருந்தே தயாராக வர ஆரம்பித்த பிறகு மெஷின் தூசி தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அந்த அறையில் ஒரு துடைப்பம் வைக்கக்கூட நான் யாரையும் விட்டதில்லை.

நால்வரும் மாடிக்குப் போனோம். அக்கா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என் பின்ரூம் சும்மாதான் கெடக்கு. வந்து இருங்க" என்றேன்.

"உங்க கடையில நான் எப்படி தம்பி? உங்களுக்கு இடைஞ்சல்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டடமே உங்களோடது அக்கா!"

"வாடகைக்கு விட்டப்புறம் அது உங்க இடம்தானே?"

"சரி, என் இடமாவே இருக்கட்டும். என் இடத்துக்கு நான் கூப்பிடுறேன். வரீங்களா, மாட்டீங்களா?"

அக்கா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தங்கச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். டெய்லர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மெஷின் பழைய இரும்புக்குப் போனது. டெய்லர் திரைச்சீலை தைத்தார், கல்யாணப் பாவாடை மாதிரி அத்தனை சுருக்கம். டாக்டர் சுவருக்கு வெள்ளையடித்தார். தன் சட்டைக்கும்தான். மேலே சம்மட்டி விழ ஆரம்பித்த அன்று அக்கா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தலைக்கு மேல ஆள் நடமாடுற சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார். வருத்தமா சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை.

தளம் போட்டு முடித்த வாரம் அக்காவின் தம்பி போன் செய்தார். நான் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"இல்லடா, நான் வரல… தனியாவா? யாரு சொன்னா? வீட்டுல அஞ்சு பேர் இருக்கோம்."

அடுத்த வரியைப் படிக்கட்டுமா என்று வந்தவர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.