ஸ்கேன் அறைக்கு ஒரு செடி

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்காதான். தலை நரைத்த டாக்டருக்கும்கூட. பதினெட்டு வருடமாக நோயாளிகளின் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை நகர்த்தி, திரையில் தெரிவதைப் படம் பிடித்துக் கொடுக்கிறாள். என்ன தெரிகிறது என்று சொல்வது மட்டும் அவள் வேலை இல்லை, அது டாக்டர் சொல்ல வேண்டியது. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். முகத்துக்குத்தான் முடியவில்லை.

படுத்திருப்பவர்களுக்குப் பார்க்க அந்த அறையில் வேறு என்ன இருக்கிறது? ஜன்னல் கிடையாது, திரையும் அவள் பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே எல்லோரும் அவள் முகத்தையே பார்ப்பார்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்களே, அவளுக்கு அது புருவத்திலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் ஒரு பெண், "உங்க புருவமே சொல்லிடுச்சும்மா" என்று படுத்தபடியே அழுதாள். அன்றைக்கு ஸ்கேன் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வாங்கிவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். கண் போய்த் தங்க ஓர் இடம் வேண்டாமா? ஒரே மாதத்தில் அது மொட்டையானது. அடுத்து வந்த மணி பிளான்ட் மஞ்சளாகிச் செத்தது.

"தானா வளர்ற செடியையே கொன்னுட்டியே! உன் கைராசி அப்படி" என்று சிரித்தார் வீட்டுக்காரர். இவர் மட்டும் என்ன தோப்பா வைத்துவிட்டார்?

செடி விற்ற நர்சரிக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்டார். "லைட் போடாம அங்க பேப்பர் படிக்க முடியுமா?"

"தாராளமா படிக்கலாம்."

"அப்போ வெளிச்சம் போதுமேம்மா!"

மூன்றாவது தடவை அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. என் செடி எப்படிச் சாகும், பார்த்துவிடுகிறேன் என்று அவளோடு கிளம்பி வந்தார். அறைக்குள் கால் வைத்ததும் ஸ்டூலில் முட்டியை இடித்துக்கொண்டார்.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

"உங்க முன்னாடிதாங்க."

"கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கே! இங்கயா பேப்பர் படிக்கிறீங்க?"

அவள் ஒரு சீட்டை எடுத்து, திரையின் மங்கிய வெளிச்சத்திலேயே கடகடவென்று படித்துக் காட்டினாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கும் சுவர் தெரிந்தது, பிறகு கட்டில் தெரிந்தது.

"சரிதான், காலையிலேர்ந்து இருட்டுலயே இருக்கிற கண்ணு. உங்க கண்ணு பழகிக்கும்மா, இலை பழகாது."

பதினெட்டு வருடத்தில் யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. வருகிறவர்கள் ஏன் தட்டுத் தடுமாறுகிறார்கள் என்று அவளும் யோசித்ததில்லை. பயத்தில்தான் என்று நினைத்திருந்தாள்.

"பேசாம பிளாஸ்டிக் செடி வெச்சுடலாமா?" என்று கேட்டாள்.

"வெச்சா, ரெண்டாவது தடவை யாரு பார்ப்பா? இருட்டுல வளர்ற செடின்னு எதுவும் கிடையாதும்மா, தாங்கிக்கிற செடிதான் உண்டு. அதுக்கும் லீவு கொடுக்கணும்."

சாயங்காலமே இரண்டு ஸ்நேக் பிளான்ட் வந்து இறங்கின. ஒன்று அறையில் டூட்டி, மற்றது மாடிப்படி ஜன்னலில் லீவு. வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், மண் காய்ந்தால்தான் தண்ணீர். இரண்டு மாதமாகியும் ஓர் இலைகூடச் சாயவில்லை.

அப்போதுதான் அந்த பஸ் டிரைவர் வந்து படுத்தார். கல்லீரலின் மேல் போன கருவி ஓரிடத்தில் நின்றது. அவள் புருவம் ஏறியது. பதறிப்போய் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"இந்த இருட்டுல எப்படிம்மா இது இவ்ளோ பச்சையா இருக்கு?"

பதில் சொல்ல அவளுக்கு அனுமதியுள்ள கேள்வி. டூட்டி, லீவு, தண்ணீர் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைத்தால் திரும்பிப் பார்ப்பாரோ என்று அப்படியே விட்டுவிட்டாள்.

"அப்போ இன்னொண்ணு இப்ப லீவுல இருக்கா?"

"ஆமாங்கய்யா."

"கொடுத்துவெச்ச செடி" என்றார் அவர், இலைகளைப் பார்த்தபடி. "நான் லீவு போட்டு ஒம்பது வருஷமாச்சு."