தண்ணீர்ப் பள்ளம்

சுவிட்சர்லாந்தின் ஆராவ் குதிரைப் பந்தயத் திடல். லாயம் கூட்ட வந்து பயிற்சியாளராகிவிட்ட யோகண்ணை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஊரிலிருந்து வந்திறங்கிய எனக்கு மூன்று நாளாக அவருடைய லாயத்து வைக்கோலில்தான் படுக்கை. அவரிடம் இருப்பது ஒரே குதிரை, அதுவும் தடை தாண்டும் பந்தயத்தில் தண்ணீர்ப் பள்ளத்தைக் கண்டால் நின்றுவிடும். இன்றும் நின்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று குதிரையின் சொந்தக்காரி சொல்லிவிட்டாள்.

"தம்பி, பாஞ்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை! ஜாக்கிதான் தண்ணிக்குள்ள."

குதிரை தாவிய உயரத்தில் ஓட்டிவந்த ஆள் கழன்று விழுந்துவிட்டான். அவன் எழுந்து திட்டுகிறான். குதிரையோ தனியாகவே மிச்சத் தடைகளையும் தாண்டி முதலாவதாக வருகிறது. ஆளில்லாமல் வந்ததால் செல்லாத அந்த வெற்றிக்கு நாங்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறோம். சொந்தக்காரி சிரித்தபடி வந்து ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்கிறாள்.

"என்னவாம் அண்ணை?"

"குதிரை என்னட்டையே நிக்கட்டாம். விழாத ஜாக்கியாப் பாக்கட்டாம்!"